டனலா, ஏ-ஃப்ரேமா?



தடைகளை வரிசையாகக் கடக்கும் அஜிலிட்டி என்ற நாய் விளையாட்டில் நடுவர்கள் விரும்பி அமைக்கும் பொறி ஒன்று உண்டு. இரண்டு அகலப் பலகைகளைக் கூரைபோலச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள்; அதற்கு ஏ-ஃப்ரேம் என்று பெயர். சர்வதேசப் போட்டிகளில் அதன் உச்சி தரையிலிருந்து 1.7 மீட்டர். அந்தக் கூரைக்கு அடியிலேயே 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டனல் ஒன்றை வளைத்து நுழைத்து வைப்பார்கள். டனலின் வாயும் ஏ-ஃப்ரேமின் ஏறுபலகையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பாய்ந்து வரும் நாயின் கண்ணில் இரண்டும் ஒரே சமயத்தில் படும். ஏற வேண்டுமா, நுழைய வேண்டுமா? கூட ஓடி வருகிறவர் ஒரு சொல் சொல்வார். அதைக் கேட்டு நாய் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழகாத நாய் பெரும்பாலும் டனலுக்குள் போய்விடும். சர்வதேச நாய்ச் சம்மேளனமான எஃப்.சி.ஐ.யின் விதிப்படி, வரிசை தவறி வேறொரு தடையை எடுத்தால் அந்த ஓட்டம் தகுதி இழக்கும். சொன்ன பேச்சைக் கேட்காத நாய் என்று பார்வையாளர்கள் அதற்குப் பெயர் வைத்துவிடுவார்கள். இந்த உரை அந்தப் பெயரை மாற்றுவதற்கானது. நாய் கேட்கத்தான் செய்கிறது. ஓடுகிறவரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, கால் எங்கே வைக்கப்படுகிறது, வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பதையெல்லாம் அது கேட்கிறது. வாயிலிருந்து வரும் சொல் அதன் வரிசையில் கடைசியில்தான் வருகிறது.

இந்த விளையாட்டு பிறந்த கதையிலேயே சிக்கலின் வேர் இருக்கிறது. 1978-இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டு முக்கிய நிகழ்ச்சிகளுக்கு இடையே கூட்டத்தை உட்கார வைக்க ஏதாவது தேவைப்பட்டது. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஜான் வார்லி, பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரை அணுகினார். குதிரைகள் தடை தாண்டும் போட்டியை மாதிரியாக வைத்துக்கொண்டு, நான்கு நாய்கள் கொண்ட இரண்டு அணிகளை ஓடவிட்டார்கள். இடைவேளை வேடிக்கையாகத் தொடங்கியது, 1980-இல் பிரிட்டனின் கென்னல் கிளப் விதிகள் வகுத்து ஏற்றுக்கொண்ட விளையாட்டாகிவிட்டது. 1986-இல் அமெரிக்காவில் யு.எஸ்.டி.ஏ.ஏ. என்ற அஜிலிட்டி அமைப்பு உருவானது. 1996 முதல் எஃப்.சி.ஐ. உலகச் சாம்பியன்ஷிப் நடத்துகிறது.

குதிரைப் போட்டியிலிருந்து தடைகள் வந்தன; சவாரிக்காரர் வரவில்லை. குதிரைக்கு முதுகின் மேல் ஒருவர் இருக்கிறார், கையில் கடிவாளம் இருக்கிறது, முழங்காலால் அழுத்திச் சொல்ல முடிகிறது. அஜிலிட்டி நாய்க்குக் கயிறு கிடையாது. அதைத் தொடக்கூடாது. கையில் தின்பண்டமோ பந்தோ வைத்திருக்கக்கூடாது. தடைகளின் வரிசை ஒவ்வொரு போட்டிக்கும் புதிது. நாயோடு ஓடும் ஹேண்ட்லர்கள் சில நிமிடம் களத்தில் நடந்து பார்த்து அதை மனப்பாடம் செய்துகொள்வார்கள். நாய் அதைப் பார்ப்பதே ஓட்டம் தொடங்கிய பிறகுதான். இரண்டு பேருக்கும் இடையில் மிஞ்சியிருப்பது உடலும் குரலும் மட்டுமே.

நேரமும் மிகக் குறைவு. ஒரு தடைக்கும் அடுத்ததற்கும் இடையே வழக்கமாக 5 முதல் 7 மீட்டர். நல்ல வேகமுள்ள நாய் நொடிக்கு 5 மீட்டர் ஓடும். அரை நொடி தாமதமாகச் சொன்னால் அதற்குள் இரண்டரை மீட்டர் போய்விட்டது. முன்னங்கால் எங்கே ஊன்ற வேண்டும் என்று நாய் முடிவெடுத்தும் விட்டது. அதனால், அடுத்த தடையின் பெயரை, நாய் முந்தைய தடையில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். தாமதமான கட்டளை புள்ளியை மட்டும் குறைப்பதில்லை. பாய்ச்சலின் நடுவில் மனம் மாற்றிக்கொள்ளும் நாய், பலகையின் விளிம்பில் கோணலாக ஏறும், கம்பியில் இடிபடும், வழுக்கும். அஜிலிட்டி நாய்களின் காயங்களை ஆராய்ந்த கணக்கெடுப்புகளில் தோள்பட்டையும் முதுகும் முன்னிலையில் வருகின்றன. தெளிவாகவும் முன்கூட்டியும் சொல்வது நாயின் உடலுக்குச் செய்யும் கடமை.

இனி, உடலுக்கும் குரலுக்கும் போட்டி வந்தால் நாய் எதை நம்புகிறது என்பதைப் பார்க்கலாம். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பியாஜியோ டி'அனியெல்லோவும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற நாய்களுக்குச் சொல் ஒன்றாகவும் கைச்சைகை வேறாகவும் முரண்படக் கொடுத்தார்கள். நாய்கள் பெரும்பாலும் சைகையின் பக்கம் போயின. பயிற்சியாளர்கள் களத்தில் கண்டதும் இதுதான். ஃபின்லாந்தில் யாக்கோ சுவோக்னூட்டி என்ற ஹேண்ட்லரின் பார்டர் கோலி நாயான டெக்லாவுக்குக் காது கேட்காமல் போனது. ஓட்டத்தை நிறுத்தாமல், உடலால் மட்டுமே பேசி அதை ஓட்டக் கற்றார்கள். ஒன்மைண்ட் டாக்ஸ் என்று இன்று உலகெங்கும் அறியப்படும் முறை அதிலிருந்து வளர்ந்தது. கண், பாதம், மார்பு, நிற்கும் இடம், அசைவு, கை, குரல் என ஏழு கூறுகளை அந்த முறை சொல்கிறது. ஏழில் ஒன்றுதான் குரல்.

இவற்றைவிட ஆழமான ஒரு சோதனை 1966-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. போலந்தின் நரம்பியலாளர் யெர்ஸி கொனோர்ஸ்கியும் அவரது சகாக்களும் நாய்களுக்கு இரண்டு ஒலிகளைக் கொடுத்தார்கள்: ஒன்று மெட்ரோனோம், மற்றது பஸ்ஸர். ஒன்று நாய்க்கு முன்னாலிருந்து வரும், மற்றது பின்னாலிருந்து. ஒரு தொகுதி நாய்கள், ஓர் ஒலிக்கு வலது முன்னங்காலையும் இன்னோர் ஒலிக்கு இடது முன்னங்காலையும் தூக்கக் கற்றன. இன்னொரு தொகுதி நாய்கள், ஓர் ஒலிக்குக் காலைத் தூக்கவும் மற்றதற்குச் சும்மா இருக்கவும் கற்றன. பிறகு ஒலிகளின் இடத்தை மாற்றிப் பார்த்தார்கள். செய்-செய்யாதே என்று கற்ற நாய்கள், ஒலி எந்த வகை என்பதைக் கவனித்திருந்தன. வலம்-இடம் என்று கற்ற நாய்களோ, ஒலி எங்கிருந்து வந்தது என்பதையே பிடித்துக்கொண்டிருந்தன. மெட்ரோனோமா பஸ்ஸரா என்பது அவற்றுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

இதை மைதானத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். "டனல்!" என்று ஹேண்ட்லர் கத்துகிறார். நாயின் முன்னே இருப்பது பக்கம் சார்ந்த கேள்வி: இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அப்படிப்பட்ட கேள்விக்கு, குரல் எங்கிருந்து வருகிறது என்பதே நாயின் மூளைக்கு இயல்பான விடை. ஹேண்ட்லர் டனலின் பக்கமாக நின்று சொன்னால் நாய் சரியாகச் செய்யும், அவர் மகிழ்வார், சொல் பதிந்துவிட்டது என்று நம்புவார். உண்மையில் பதிந்தது அவர் நின்ற இடம்.

அப்படியானால் நாய்க்குச் சொற்களே ஏறாதா? தாராளமாக ஏறும். தென் கரோலினாவின் வொஃபோர்ட் கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த ஜான் பிலி, சேஸர் என்ற பார்டர் கோலிக்கு மூன்று ஆண்டுகளில் 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்பித்தார். 2011-இல் அந்த ஆய்வு வெளியானது. அவர் ஒரு பொம்மையை ஒரு சமயத்தில் எடுத்து, அதன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதையே வைத்து விளையாடிக் கற்பித்தார். சோதிக்கும்போது, தம் முகமோ பார்வையோ துப்புக் கொடுத்துவிடாதபடி பொம்மைகளை மறைவில் வைத்தார். ஆயிரம் பெயர் கற்ற ஒரு நாயின் இனத்துக்குப் பத்துத் தடைகளின் பெயர் பெரிய பாரமல்ல. பிலி செய்ததை அஜிலிட்டிக்காரர்கள் செய்வதில்லை என்பதுதான் வேறுபாடு. அவர்கள் சொல்லையும் உடலையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

சேர்த்துக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்பதை உளவியலாளர் லியோன் கேமின் 1960-களில் எலிகளை வைத்துக் காட்டினார். ஒரு சத்தம் எதை முன்னறிவிக்கிறது என்று எலி ஏற்கெனவே கற்றிருக்கும்போது, அந்தச் சத்தத்தோடு ஒரு விளக்கையும் சேர்த்து எத்தனை முறை காட்டினாலும், விளக்கைப் பற்றி எலி ஏறக்குறைய எதுவும் கற்பதில்லை. தெரிந்த துப்பு புதிய துப்பின் வழியை மறித்துவிடுகிறது. நாய்க்குத் தெரிந்த துப்பு உடல். புதிய துப்பு சொல். இரண்டும் ஒரே நொடியில் வந்தால் சொல் வெறும் இரைச்சலாகவே நின்றுவிடும். ஆண்டுக்கணக்கில் "டனல், டனல்" என்று கத்தியும் அந்தச் சொல்லைத் தனியாகக் கேட்டால் விழிக்கும் நாய்கள் இருப்பது இதனால்தான்.

இதிலிருந்து பயிற்சியின் முதல் விதி கிடைக்கிறது. சொல் முன்னால், உடல் பின்னால். தடையின் பெயரைச் சொல்லி, ஒரு கணம் அசையாமல் நின்று, அதன் பிறகே கையையோ காலையோ அசைக்க வேண்டும். அப்போதுதான் சொல்லுக்கு ஒரு வேலை கிடைக்கிறது: வரப்போவதை முன்கூட்டிச் சொல்லும் வேலை. சில நாள்களில் நாய், அசைவுக்குக் காத்திராமல் சொல்லிலேயே கிளம்பத் தொடங்கும். பயிற்சியாளர் காத்திருப்பது அந்தக் கணத்துக்குத்தான்.

இரண்டு தடைகளுக்கு இடையே தேர்வு செய்யக் கற்பிப்பது அதற்குப் பிறகு. ஒவ்வொரு தடையையும் நாய் தனியாக, தயக்கமின்றி, மகிழ்ச்சியோடு செய்ய வேண்டும். பிறகு டனலையும் ஏ-ஃப்ரேமையும் நன்றாக விலக்கி வைக்கிறார்கள். ஹேண்ட்லர் இரண்டுக்கும் நடுவே, சற்றுப் பின்னால், நேராக முன்னே பார்த்தபடி நிற்கிறார். நாயைப் பிடித்துக்கொள்கிறார். பெயரைச் சொல்கிறார். விடுகிறார். சரியானதற்குள் நாய் போய் வெளியே வரும் இடத்தில் பரிசு விழுகிறது. பரிசு விழும் இடம் மிக முக்கியம். தின்பண்டம் எப்போதும் ஹேண்ட்லரின் கையிலிருந்தே வந்தால், நாய் தடையைப் பார்க்காமல் கையைத்தான் பார்த்து ஓடும். நன்றாகப் பதிந்த பிறகு இரண்டு தடைகளையும் சிறிது சிறிதாக நெருக்கிக் கொண்டுவருகிறார்கள், கடைசியில் ஒன்றின் வாய் மற்றதன் அடியில் வரும்வரை.

எந்தத் தடையை எப்போது சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். ஒன்று விட்டு ஒன்று மாற்றிச் சொன்னால் நாய் வரிசையைக் கற்றுக்கொள்ளும், சொல்லை விட்டுவிடும். ஒன்றையே ஐந்தாறு முறை சொன்னால் கடைசியாகப் பரிசு கிடைத்த இடத்துக்கே திரும்ப ஓடும். ஆய்வகங்களில் விலங்குகளுக்குத் தேர்வு வைக்கும்போது இந்தத் தொல்லை பழைய காலத்திலிருந்தே உண்டு. 1933-இல் லூயிஸ் கெல்லர்மன், ஒரே விடை தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் வராத வரிசைகளின் பட்டியலையே வெளியிட்டார். வீட்டுக்கொல்லையில் பயிற்சி செய்கிறவர் ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்த்தும் வரிசையை முன்பே எழுதிக்கொள்ளலாம். ஒன்றே தொடர்ந்து நான்காம் முறை வந்தால் மாற்றிக்கொண்டால் போதும்.

நாய் தவறாகப் போனால் என்ன செய்வது? இங்கே பயிற்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதட்டுவது ஒரு பழைய வழி. உளவியலாளர் ஹெர்பர்ட் டெரஸ் 1963-இல் புறாக்களை வைத்து வேறு வழி காட்டினார். சிவப்பு விளக்கைக் கொத்தினால் தானியம், பச்சையைக் கொத்தினால் ஒன்றுமில்லை. பச்சையைத் தொடக்கத்தில் மிக மங்கலாகவும் மிகச் சிறிது நேரமும் காட்டி, படிப்படியாகத் தெளிவாக்கினார். இப்படிக் கற்ற புறாக்கள் ஏறத்தாழத் தவறே செய்யாமல் வேறுபாட்டைக் கற்றன. தவறித் தவறிக் கற்ற புறாக்கள், பச்சை விளக்கைக் கண்டதும் சிறகடித்துப் பதறின. தவறின்றிக் கற்றவை அமைதியாக இருந்தன. டனலைத் தொலைவில் வைத்தும், அதன் வாயை முதலில் அப்பால் திருப்பி வைத்தும் தொடங்குவது இதே முறைதான். நாய் தவறினால் பரிசு இல்லை, அதட்டலும் இல்லை. அமைதியாகக் கூப்பிட்டு, தடைகளை ஒருபடி விலக்கி மீண்டும் கேட்க வேண்டும். பத்துக்கு எட்டு சரியாக வந்தால் அடுத்த படி, அதற்குக் குறைந்தால் முந்தைய படி என்ற கணக்கு பயிற்சியாளர்களிடையே பரவலாக உண்டு.

தேர்வு செய்யக் கற்பிக்கும் இந்தத் திறமையைப் பல அஜிலிட்டிப் பயிற்சியாளர்கள் கோழியிடம் கற்றார்கள் என்பது வியப்பான உண்மை. அமெரிக்கக் கடற்படையில் டால்ஃபின் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த பாப் பெய்லியும், பி.எஃப். ஸ்கின்னரின் மாணவியாக இருந்த மேரியன் பிரீலண்ட் பெய்லியும், அர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் கோழிகளை வைத்து வகுப்புகள் நடத்தினார்கள். பல வண்ண வடிவங்களில் சொன்னதை மட்டும் கொத்தக் கோழிக்குக் கற்பிக்க வேண்டும். கோழி மின்னல் வேகத்தில் கொத்தும். மனிதரை மகிழ்விக்க வேண்டும் என்ற ஆசை அதற்குத் துளியும் கிடையாது. பரிசு ஒரு கணம் பிந்தினால் தவறான வடிவத்தைக் கற்றுவிடும். நாய் பெருந்தன்மையோடு மறைத்துவிடும் பயிற்சியாளரின் குறைகளையெல்லாம் கோழி வெளியே கொண்டுவந்துவிடும்.

சொற்களைத் தேர்வதிலும் ஒரு கணக்கு உண்டு. புடாபெஸ்டின் எட்வெஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் லில்லா மாட்யாரி குழுவினர், நாய்களின் தலையில் மின்வாய் ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்து 2020-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: தெரிந்த ஒரு கட்டளையையும், அதில் ஓர் ஒலி மட்டும் மாறிய பொருளற்ற சொல்லையும் நாயின் மூளை வேறுபடுத்தவில்லை, முற்றிலும் வேறான சொல்லை உடனே வேறுபடுத்தியது. 'டனல்', 'டேபிள்', 'டயர்' மூன்றும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. நொடிக்கு 5 மீட்டர் ஓடும் நாய்க்குச் சொல்லின் முதல் பாதி மட்டுமே பயன்படும். அதனால் கவனமுள்ளவர்கள் இவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு வேறு ஒலியில் பெயர் சூட்டுகிறார்கள். எந்த மொழியில் என்பது நாய்க்கு ஒன்றே.

பெயர் மட்டும் போதாத இடங்களும் உண்டு. குதிரை லாடம்போல் வளைந்த டனலின் இரண்டு வாய்களும் நாயைப் பார்த்தபடி இருந்தால், "டனல்" என்ற சொல் பாதி விடையைத்தான் தருகிறது. அங்கே வலம், இடம் வேண்டும். அதுவும் நாயின் வலம், நாயின் இடம். ஆட்டுமந்தை நாய்களுக்கு இது புதிதல்ல. பிரிட்டிஷ் மேய்ப்பர்கள் "கம் பை" என்றால் நாய் மந்தையைக் கடிகாரச் சுற்றாகவும், "அவே" என்றால் எதிர்ச்சுற்றாகவும் வளைத்து வரும். பனிச்சறுக்கு வண்டி நாய்களுக்கு "ஜீ" வலம், "ஹா" இடம். பெயரா, திசையா எது சிறந்தது என்று வாதிடும் பயிற்சியாளர்கள் உண்டு. இரண்டையும் கற்பிப்பதே சரி. ஆனால் கொனோர்ஸ்கியின் நாய்கள் காட்டியதை நினைவில் வைத்தால், திசைச் சொற்களுக்கு அதிகப் பொறுமை வேண்டும். ஹேண்ட்லர் நாயின் இருபுறமும், முன்னும் பின்னும் இடம் மாறி மாறி நின்று சொன்னால்தான் குரல் வரும் இடம் துப்பாக இல்லாமல் போகும்.

இன்னொரு சிக்கல் டனல் மீதான ஆசை. டனலில் தடம் தவறுவதற்கில்லை, நிற்க வேண்டியதில்லை, அப்படியே பறக்கலாம். ஏ-ஃப்ரேமிலோ அடிப்பகுதியில் வேறு வண்ணம் பூசிய இடத்தைக் கால் தொட்டே இறங்க வேண்டும். குட்டியாக இருக்கும்போதே டனலில் ஓடவிட்டுப் பழக்கியிருந்தால் டனலுக்கு இருக்கும் மதிப்பு வானளவு உயர்ந்திருக்கும். அதற்கு மருந்து டனலைத் தடுப்பதல்ல, ஏ-ஃப்ரேமுக்குக் கிடைக்கும் பரிசைப் பல வாரங்களுக்குக் கூட்டுவது.

வண்ணத்தையும் மறந்துவிடக்கூடாது. நாயின் கண்ணில் நிறம் அறியும் கூம்பணுக்கள் இரண்டு வகை மட்டுமே. நீலமும் மஞ்சளும் அதற்குத் தெளிவு, சிவப்பு மங்கல். ஒரே மஞ்சள் டனலில் பயின்ற நாய், மஞ்சளாக இருக்கும் எதையும் டனல் என்று கற்றிருக்கக்கூடும். பல நிறம், பல நீளம், நேராகவும் வளைவாகவும் கிடக்கும் டனல்களில் ஓடிய நாய்தான் அந்தப் பெயரை உண்மையில் அறிந்தது.

இவ்வளவு உழைப்பு எதற்கு என்று கேட்கலாம். களத்தில் தரையில் ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டாமல் நின்றபடியே நாயைத் தொலைவில் அனுப்பச் சொல்லும் போட்டிகள் உண்டு. யு.எஸ்.டி.ஏ.ஏ.வின் கேம்ப்ளர்ஸ் அப்படிப்பட்டது. என்.ஏ.டி.ஏ.சி. என்ற வட அமெரிக்க அமைப்பின் சான்சஸ் பிரிவு, தொலைவு, திசை, தடை வேறுபாடு மூன்றையும் நேராகவே சோதிக்கிறது. அங்கே வேகமான கால்களுக்கு வேலை இல்லை. முழங்கால் வலி உள்ளவர், வயதானவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் எல்லோரும் தம் நாயோடு முழுமையாக விளையாட முடிவது நாய் சொல்லைக் கேட்பதால்தான். இந்த விளையாட்டில் வேகத்தைப் போற்றுகிற அளவுக்கு இதையும் போற்ற வேண்டும்.

இனத்தூய்மையும் இதற்குத் தேவையில்லை. அமெரிக்கன் கென்னல் கிளப் 2010-இல் கலப்பின நாய்களுக்கு அஜிலிட்டியைத் திறந்துவிட்டது. 2024-இல் நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியின் அஜிலிட்டிச் சாம்பியன் பட்டத்தை முதன்முறையாக ஒரு கலப்பின நாய் வென்றது: பார்டர் கோலியும் பாப்பியோனும் கலந்த நிம்பிள், 28.76 நொடியில்.

தொடங்குவதற்கு மைதானமும் வேண்டாம். ஒரு வாளி, ஒரு பாய். வாளியைச் சுற்றி வருவதற்கு ஒரு சொல், பாயில் ஏறி நிற்பதற்கு ஒரு சொல். ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்பித்து, பிறகு இரண்டையும் அறையின் இரண்டு மூலையில் வைத்து, நடுவில் அசையாமல் நின்று கேட்டுப் பார்க்கலாம். நாய் களைக்கும் முன், இன்னும் கேட்க ஆசையாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். போட்டியில் இறங்கக் குறைந்தபட்ச வயது அமெரிக்கன் கென்னல் கிளப்பில் 15 மாதம், எஃப்.சி.ஐ.யில் 18 மாதம். எலும்பு முற்றுவதற்கு முன் உயரம் தாண்டவிட்டால் மூட்டுகள் பாதிக்கப்படலாம். அதுவரை கம்பிகள் தரையிலேயே கிடக்கட்டும். பெயர்களைக் கற்பதை நான்கு மாதக் குட்டியிடமே தொடங்கிவிடலாம்.